மறைத்து வைத்த தெரிவுகள்: வெளியிடும் மென்பொருளில் விடலாமா?

கறுப்புத் திரையில் ஒரு மென்பொருளின் பெயரைத் தட்டி இயக்கும்போது, பெயருக்குப் பின்னால் இரண்டு சிறு கோடுகள் போட்டு ஏதாவது சேர்ப்போம். அதுதான் கட்டளைவரித் தெரிவு. வேலைத்தலங்களில் ஒப்ஷன் என்பார்கள், ஃபிளாக் என்றும் சொல்வார்கள். "--ஹெல்ப்" என்று கேட்டால் அந்த மென்பொருள் ஏற்கும் தெரிவுகளின் பட்டியல் வரும். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பின்னால் தயாரித்தவரின் வாக்கு இருக்கிறது: இன்று செய்வதை அடுத்த பதிப்பிலும் செய்யும், பிழைத்தால் நாங்கள் திருத்தித் தருவோம்.

அந்தப் பட்டியலில் வராத தெரிவுகளும் பல மென்பொருள்களில் உண்டு. எழுதியவர்கள் தங்கள் வேலைக்காகச் சேர்த்தவை அவை. அவற்றுக்கு வாக்கு இல்லை, ஆதரவு இல்லை. ஆனாலும் வேலை செய்யும். மென்பொருளை வெளியே விடும் நாளில் இவற்றை என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விடயம். கம்பஸ் முடித்துப் புதிதாக வேலைக்கு வந்த தம்பி தங்கச்சிமாருக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. ஆனால் முதல் வெளியீட்டிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்.

இப்படிப்பட்ட தெரிவு எங்கிருந்து பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கொழும்பு புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓடும் பில் போடும் மென்பொருளை வெள்ளவத்தையில் நாலைந்து பேர் கொண்ட ஒரு சிறு நிறுவனம் எழுதுகிறது. இலங்கையில் வற் வரி 2019 டிசம்பரில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறங்கியது. 2022 ஜூனில் 12 ஆகி, அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆனது. ஒவ்வொரு முறையும் மென்பொருள் நள்ளிரவோடு புதிய விகிதத்துக்கு மாற வேண்டும். அந்த நள்ளிரவு வருமுன்பே அது ஒழுங்காக மாறுகிறதா என்று சோதிக்கவும் வேண்டும். டிசம்பர் நடுப்பகுதியில் உட்கார்ந்துகொண்டு ஜனவரி முதலாம் திகதியை எப்படிச் சோதிப்பது? அதற்கு "--திகதி-மாற்று" என்று ஒரு தெரிவை எழுதுகிறார்கள். அதைப் போட்டால், இன்றைக்கு என்ன நாள் என்று கணினியைக் கேட்காமல், நாம் சொல்லும் நாளை மென்பொருள் நம்பிக்கொள்ளும். நல்ல யோசனைதான். அது இல்லாமல் சோதித்தால்தான் தவறு.

அதே மென்பொருளில் இன்னும் இரண்டு இருப்பதாகக் கொள்வோம். "--வினவல்-காட்டு" என்பது தரவுத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கேள்வியையும் திரையில் எழுதும். "--கடவுச்சொல்-விடு" என்பது தானியங்கிச் சோதனைகள் ஓடுவதற்காகக் கடவுச்சொல் கேட்பதைத் தாண்டிவிடும்.

வெளியிடும் நாளில் மூன்று வழிகள் உண்டு. தெரிவை வெட்டி எறிந்துவிட்டு வெளியிடலாம். உள்ளே விட்டுவிட்டு "--ஹெல்ப்" பட்டியலில் மட்டும் மறைக்கலாம். அல்லது, இதற்கு ஆதரவு இல்லை என்று வெளிப்படையாக எழுதிக் காட்டலாம். பெரும்பாலானோர் யோசிக்காமலே இரண்டாவதில் போய் நிற்கிறார்கள், ஏனென்றால் அதற்கு வேலையே இல்லை. பைதன் மொழியில் தெரிவுகளை வாசிக்கும் ஆர்க்பார்ஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினால், உதவிக்குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் "சப்ரெஸ்" என்று ஒரு சொல் போட்டால் போதும், தெரிவு பட்டியலிலிருந்து மறைந்துவிடும். என் கருத்தில் மூன்றிலும் மோசமான வழி இதுதான்.

மறைப்பது காப்பாற்றாது. யுனிக்ஸ் வகைக் கணினிகளில் "ஸ்ட்ரிங்ஸ்" என்று ஒரு சிறு கருவி உண்டு. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் எழுத்துத் தொடர்களை வரிசையாகக் கக்கிவிடும். மறைத்த தெரிவின் பெயரும் அதில் வரும். நிரலை எவரும் வாசிக்கக்கூடிய திறந்த மூல மென்பொருளென்றால் அந்தச் சிரமம்கூடத் தேவையில்லை. இவை எதுவும் இல்லாவிட்டாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் கடைக்காரர் அவசரத்தில் அழைப்பார். உதவி மேசையில் இருக்கும் பிள்ளை, "ஐயா, இதை ஒருக்கா சேர்த்து ஓட்டிப் பாருங்கோ" என்று சொல்லிவிடும். அன்றைக்குப் பிரச்சினை தீரும். கடைக்காரர் அதை ஒரு கொப்பியில் எழுதிவைப்பார், பக்கத்துக் கடைக்கும் சொல்வார். இப்படிப் பயணம் போகும்போது தெரிவின் பெயர் மட்டும்தான் போகும். எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை கூடப் போகாது. மறைத்து வைத்ததால் அந்த எச்சரிக்கையை நாம் எங்கும் எழுதவே இல்லையே.

விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான எம்எஸ்-டொஸ் காலத்தில் இது நடந்திருக்கிறது. 1991இல் வந்த 5ஆம் பதிப்பில், வன்தட்டைப் பிரிவுகளாக்கும் எஃப்டிஸ்க் கருவியில் "எம்பிஆர்" என்ற தெரிவு இருந்தது. கையேட்டில் இல்லை, உதவித்திரையிலும் இல்லை. வன்தட்டின் தொடக்கத்தில் இருக்கும் துவக்க நிரலை அது புதிதாக எழுதிவிடும். துவக்கப் பகுதியில் வைரஸ் புகுந்த கணினிகளுக்கு அது நல்ல மருந்து என்ற செய்தி வாய்வழியாகவே பரவியது. பல வைரஸ்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் மங்கி என்ற வைரஸ், வன்தட்டுப் பிரிவுகளின் அட்டவணையை அதன் இடத்திலிருந்து எடுத்துக் குழப்பி வேறிடத்தில் வைத்திருக்கும். வைரஸ் உள்ளே இருக்கும்வரை வட்டு திறக்கும். இந்தத் தெரிவை ஓட்டி வைரஸை அழித்தால் அட்டவணைக்குப் போகும் வழியும் சேர்ந்து அழிந்து, வட்டையே திறக்க முடியாமல் போகும். கையேட்டில் ஒரு பத்தி இருந்திருந்தால் அந்த எச்சரிக்கைக்கு ஓர் இடம் இருந்திருக்கும்.

மறைத்த தெரிவு தவறுதலாகவும் இயங்கும் என்பது பலருக்கும் தெரியாது. ஆர்க்பார்ஸ், சி மொழியில் அதே வேலையைச் செய்யும் ஜிஎன்யூவின் கெட்ஒப்ட்-லோங் இரண்டுமே தெரிவின் பெயரை முழுதாகத் தட்டாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். வேறொன்றோடு குழம்பாத அளவுக்குத் தொடக்க எழுத்துகள் இருந்தால் போதும். நமது பில் மென்பொருளில் "--திகதி" என்று தெரிவே இல்லை என்று வைப்போம். ஒருவர் இருக்கும் என்று நினைத்து "--திகதி" என்று தட்டினால், "அப்படி ஒன்று இல்லை" என்று மென்பொருள் சொல்லாது. மறைத்து வைத்த "--திகதி-மாற்று" சத்தமில்லாமல் இயங்கும். பட்டியலில் மறைத்தாலும் இந்தச் சுருக்க வழியில் அது மறையாது. பைதன் 3.5 முதல் இந்தப் பழக்கத்தை நிறுத்த "அலவ்-அப்ரீவ்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. வெளியிடும் மென்பொருளில் அதை நிறுத்தி வைப்பது நல்லது.

இன்னொரு நிலைமை இதைவிட மெல்ல வரும். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி சொல்லப்படுகிறது. போதிய அளவு பயனர்கள் சேர்ந்துவிட்டால், நீங்கள் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பது பொருட்டல்ல, வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையிலும் யாராவது ஒருவர் தங்கியிருப்பார் என்பது அதன் சாரம். ஆதரவில்லாத தெரிவும் அப்படித்தான். மென்பொருளைத் தொடக்கிவைக்க யாரோ ஒருவர் எழுதிய கட்டளைக் கோப்பில், அதாவது தொடக்க ஸ்கிரிப்டில், ஏறி உட்கார்ந்தபின் அதை எடுப்பது, வாக்குக் கொடுத்த ஒன்றை எடுப்பதைப் போலவே வலிக்கும்.

ஜாவாவில் வேலை செய்த எவருக்கும் இது தெரியும். "எக்ஸ்எக்ஸ்" என்று தொடங்கும் ஜாவாத் தெரிவுகள் எல்லாம் மேம்பட்ட பாவனைக்கானவை, முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று ஆவணத்தில் எழுதியே இருக்கிறது. ஆனாலும் அவற்றில் ஒன்றான "மேக்ஸ்-பெர்ம்-சைஸ்" உலகம் முழுக்கத் தொடக்க ஸ்கிரிப்ட்களில் புகுந்தது. 2005இல் கொழும்பில் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பழைய சேர்வர்களைத் திறந்து பார்த்தவர்கள் அங்கேயும் அந்த வரியைக் கண்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் அது இல்லாமல் பெரிய ஜாவாச் சேர்வர் ஒன்றை ஓட்டுவதே கஷ்டம். பிறகு 2014இல் வந்த ஜாவா 8இல், அந்தத் தெரிவு எதன் அளவைக் குறித்ததோ அந்த பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். தெரிவுக்குச் செய்ய வேலை இல்லை. ஆனாலும் அன்றே வெட்டவில்லை. ஸ்கிரிப்டில் அது இருந்தால், "இந்தத் தெரிவைப் புறக்கணிக்கிறேன், 8.0இல் ஆதரவு நீக்கப்பட்டது" என்று ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு ஜாவா தொடர்ந்து ஓடியது. 2021இல் ஜாவா 17 வந்தபோதுதான், "இப்படி ஒரு தெரிவை அறியேன்" என்று சொல்லித் தொடங்கவே மறுத்தது. இடையில் ஏழு ஆண்டுகள். அத்தனை காலம் எச்சரிக்கை வரியைப் பார்த்தும் திருத்தாதவர்கள் இருந்தார்கள். சேர்வரைப் புதுப்பித்த அன்று அது எழும்பவில்லை.

இதிலிருந்து ஜாவாவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மாறாக, ஒரு தெரிவைக் கைவிடும் முறையை அவர்கள் ஒழுங்காக வகுத்திருக்கிறார்கள் என்பேன். முதலில் எச்சரிக்கையோடு இயங்கும், பிறகு எச்சரிக்கையோடு புறக்கணிக்கப்படும், கடைசியில் மறுக்கப்படும். புதிய தெரிவு உள்ளே வரும் வழியும் அங்கே தெளிவு. சோதனை நிலையில் உள்ள தெரிவு ஒன்றை நேரே போட்டால் ஜாவா ஏற்காது. "இது சோதனைத் தெரிவு, முதலில் அன்லொக்-எக்ஸ்பெரிமென்டல் என்பதைப் போடுங்கள்" என்று அதுவே சொல்லும். பயனர் இரண்டு தெரிவுகளை எழுத வேண்டும், பூட்டைத் திறக்கும் அந்த முதல் தெரிவின் பெயரே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. ஸெட்ஜிசி என்ற நினைவகத் துப்புரவாளர் 2018இல் ஜாவா 11இல் இப்படிப் பூட்டோடுதான் வந்தது. வெளியே இருப்பவர்கள் உண்மையான சேர்வர்களில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. 2020இல் ஜாவா 15இல் பூட்டு நீங்கி முழு ஆதரவு பெற்றது. மறைத்து வைத்திருந்தால் அத்தனை பேரின் சோதனை கிடைத்திருக்குமா?

பூட்டுப் போட்டுக் காட்டுவதற்கு வேறு நல்ல உதாரணங்களும் உண்டு. குரோம் உலாவியை, அதன் பாதுகாப்பு வேலியை நிறுத்தும் "நோ-சாண்ட்பொக்ஸ்" தெரிவோடு திறந்தால், பக்கத்துக்கு மேலேயே ஒரு பட்டை வரும்: ஆதரவில்லாத தெரிவைப் பயன்படுத்துகிறீர்கள், நிலைத்தன்மையும் பாதுகாப்பும் கெடும். தெரிவைப் போட்டவர் ஒருவர், பின்னர் அந்தக் கணினியில் உட்காருபவர் இன்னொருவர் என்றாலும் அவருக்கும் தெரியும். அதே குரோமில் ஃபிளாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சோதனை வசதிக்கும் நிரலுக்குள் ஒரு பொறுப்பாளரின் பெயரும், எந்தப் பதிப்போடு காலாவதியாகும் என்ற குறிப்பும் எழுதப்பட்டிருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேட்டில் டெவலப்பர்களுக்கான அமைப்புகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. உண்மையான தரவுத்தளத்தில் இவற்றை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது, ஆனால் மோசமாகச் சிதைந்த தரவுத்தளத்தை மீட்க இவற்றில் சில உதவலாம் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். மாதிரி அமைப்புக் கோப்பில் அவற்றைச் சேர்க்கவில்லை. தேடி வருபவருக்குக் கிடைக்கும், வழியில் போகிறவரின் காலில் இடறாது. செஃப் என்ற சேமிப்பக மென்பொருளில் ஒரு முழுச் சேமிப்புத் தொகுதியை அழிக்க வேண்டுமென்றால், "நான் உண்மையாக உண்மையாகவே சொல்கிறேன்" என்று பொருள்படும் நீண்ட தெரிவைத் தட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் யாரும் அதைத் தட்ட மாட்டார்கள்.

பெயரால் மட்டும் பூட்டினால் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கிளாங் தொகுப்பியில், மாறிகளுக்குத் தொடக்கத்தில் தானாகவே பூச்சியம் நிரப்பும் வசதி ஒன்றைச் சேர்த்தார்கள். அது மொழியின் இயல்பையே மாற்றிவிடும் என்று சிலர் அஞ்சியதால், அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் கூடவே இன்னொரு தெரிவும் போட வேண்டும் என்று வைத்தார்கள். "எனேபிள்-ட்ரிவியல்-ஓட்டோ-வார்-இனிட்-ஸீரோ" என்று தொடங்கி, "இது கிளாங்கிலிருந்து நீக்கப்படும் என்று தெரிந்துகொண்டே" என்று ஆங்கிலத்தில் முடியும் அதன் பெயர். இதைவிட வெளிப்படையாக எச்சரிக்க முடியாது. ஆனால் பாதுகாப்புக்கு அந்த வசதி மிகவும் பயன்பட்டது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னல் அதை எடுத்துக்கொண்டது, 2022இல் ஜிசிசி 12 என்ற இன்னொரு தொகுப்பி பூட்டே இல்லாமல் அதே வசதியைத் தந்தது. அதே ஆண்டு கிளாங்கும் பூட்டுத் தேவையில்லை என்று தீர்மானித்தது. நீக்கப்படும் என்று சொன்ன வசதி நிலைத்தது, பூட்டுத்தான் போனது. ஆதரவில்லாத தெரிவு ஒன்றை வெளியே காட்டினால் இப்படியும் நடக்கும். பயனர்கள் அதைப் பிடித்துக்கொண்டால், அவர்களுக்கு அது உண்மையாகவே தேவை என்ற செய்தி நமக்குக் கிடைக்கிறது. அந்தச் செய்தியை மதிக்க வேண்டும்.

புறக்கோட்டைக் கடைக்குத் திரும்பினால் இதே பாடம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அப்படியான நாட்களில் கையால் பில் எழுதிவிட்டு, மின்சாரம் வந்ததும், சில வேளை அடுத்த நாள், கணினியில் ஏற்ற வேண்டும். பழைய திகதியில் பில் போட வழி வேண்டும். மென்பொருளில் அதற்கு வசதி இல்லை, ஆனால் மறைத்து வைத்த "--திகதி-மாற்று" இருக்கிறது. கடைக்காரர் அதைப் பிடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? அவருடைய தேவை நியாயமானது. ஆனால் 2024 ஜனவரியில், 15 வீதத்தில் பில் கேட்கும் ஒரு வாடிக்கையாளருக்காக டிசம்பர் திகதியில் பில் போடவும் அதே தெரிவு உதவும். அது வரி மோசடி. சோதனைக்காக எழுதிய தெரிவு ஆதலால், யார் எப்போது திகதியை மாற்றினார்கள் என்ற பதிவையும் அது வைக்காது. நியாயமான தேவையும் மோசடியும் ஒரே கதவால் போய்வரும்.

ஆகவே இந்தத் தெரிவை நான் இரண்டாகப் பிரிப்பேன். கையால் எழுதிய பில்லைப் பிந்தி ஏற்றும் வசதியை, முழு ஆதரவோடு, மேலாளரின் அனுமதியோடு, பதிவேட்டில் உண்மையான நேரமும் விழும்படி மென்பொருளுக்குள் செய்து தருவேன். சோதனைக்கான திகதி மாற்றத்தை, நமது சொந்தச் சோதனைக் கணினிகளில் ஓடும் பதிப்பில் மட்டும் வைப்பேன். கடைக்குப் போகும் பதிப்பில் அந்த நிரலே இருக்காது. ரஸ்ட் மொழியின் தொகுப்பி ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. "ஸெட்" எழுத்தில் தொடங்கும் சோதனைத் தெரிவுகளை அன்றாடம் வெளிவரும் நைட்லிப் பதிப்பு மட்டுமே ஏற்கும், நிலையான பதிப்பு மறுத்துவிடும். அங்கும், இயங்குதளத்தில் வெளியே வைக்கும் ஒரு மதிப்பால், அதாவது சூழல் மாறியால், அந்த மறுப்பைத் தாண்ட முடியும், லினக்ஸ் கேர்னலின் ரஸ்ட் பகுதியும் அதைத்தான் நம்பியிருக்கிறது. தாண்ட வழி இருந்தால் தாண்டுவார்கள். அதனால்தான் ஆபத்தானவற்றுக்கு நிரலையே எடுத்துவிடுவது என்கிறேன்.

"--வினவல்-காட்டு" விடயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. வெளியே விடுங்கள், பட்டியலிலும் போடுங்கள். "எங்கள் உதவியாளர் கேட்டால் மட்டும் பயன்படுத்துங்கள், இதன் வடிவம் மாறலாம்" என்று ஒரு வரி எழுதினால் போதும். கடையில் நடக்கும் பிழையைத் தூரத்திலிருந்து கண்டுபிடிக்க இதைவிட உதவும் ஒன்று இல்லை. வாடிக்கையாளர் விபரங்கள் அதில் வெளியே தெரியுமென்றால் அவற்றை மறைத்துக் காட்டுவது நம் கடமை.

"--கடவுச்சொல்-விடு" பற்றிப் பேசும்போது 1988ஐ நினைக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி ரொபர்ட் மொரிஸ் என்ற மாணவர் விட்ட புழு நிரல் இணையத்தில் பரவியது. அது புகுந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளில் இருந்த, பிழை தேடுவதற்கான டீபக் வசதி. டெவலப்பர்கள் தங்கள் சோதனைக்காக வைத்தது, பல கணினிகளில் திறந்தபடியே வெளியாகியிருந்தது. அது இயங்கும்போது, கடிதத்தை ஒரு மனிதருக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஒரு கட்டளைக்கு அனுப்பலாம். தூரத்துக் கணினி அந்தக் கட்டளையை ஓட்டும். அது கட்டளைவரித் தெரிவு அல்ல, வலை வழியாகக் கேட்கும் கட்டளை. ஆனால் விடயம் ஒன்றுதான். பூட்டைத் திறக்கும் எதையும் வெளியீட்டில் விடக் கூடாது. மறைத்தும் கூடாது, எச்சரிக்கை எழுதியும் கூடாது. சோதனைகளுக்குக் கடவுச்சொல் தேவையென்றால் சோதனைத் தரவுத்தளத்தில் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கிக்கொள்ளலாம், அது அரை மணித்தியால வேலை.

எச்சரிக்கை எந்த மொழியில் என்பதையும் யோசிக்க வேண்டும். கொழும்பில் எழுதப்படும் மென்பொருள்களில் பிழைச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. காசாளராக இருக்கும் பிள்ளை தமிழோ சிங்களமோ சரளமாக வாசிப்பார். "அன்சப்போர்ட்டட்" என்று திரையில் வந்தால் அதை ஒரு அலங்காரம் போலக் கடந்துவிடுவார். ஆதரவில்லாத தெரிவோடு மென்பொருள் ஓடுகிறது என்ற வரியை மூன்று மொழிகளிலும் திரையின் மேலே நிலையாகக் காட்டுங்கள். ஒருமுறை தோன்றி மறையும் பெட்டியாக வைக்க வேண்டாம். பதிவுக் கோப்பின் முதல் வரியிலும் எந்தெந்தத் தெரிவுகளோடு தொடங்கியது என்று எழுதி வையுங்கள். உதவி மேசைக்கு அந்தக் கோப்பு வரும்போது, பிழை நமது நிரலில் இருக்கிறதா, யாரோ போட்ட தெரிவில் இருக்கிறதா என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் நிரலில் உள்ள தெரிவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொறுப்பாளரின் பெயரையும் அது முடியும் பதிப்பையும் எழுதுங்கள். பெயர் எழுத ஆள் கிடைக்காத தெரிவை அந்த வெளியீட்டோடு அனுப்ப வேண்டாம்.